சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்: கூலன்ட்டை வடித்து, ஏர் இல்லாமல் நிரப்பும் முறை

டபிள்யூஆர்எக்ஸ் காரில் பழைய கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, வடிக்க அரை மணி நேரம் போதும். புதியதை ஊற்றி, உள்ளே ஒளிந்திருக்கும் காற்றைக் கடைசிச் சொட்டுவரை வெளியே எடுக்கத்தான் மீதிப் பகல் வேண்டும். கூலன்ட் மாற்றிய மறுநாளே எஞ்சின் கொதிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே தங்கிய காற்றைத்தான். அதைக் கவனிக்காமல் நாலு நாள் ஓட்டினால் சிலிண்டர்களை மூடும் அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய், உண்மையான பழுதே வந்து சேரும். அதனால் வேலையை ஒரு விடுமுறை நாளின் காலையில், எஞ்சின் இரவு முழுதும் ஆறிய பிறகு தொடங்குங்கள். அன்று மாலை கார் தேவைப்படாது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே சொல்வது 2000 முதல் 2007 வரை வந்த இரண்டாம் தலைமுறை இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், எஸ்டிஐ கார்களுக்கானது. 2 லிட்டர் ஈஜே20 டர்போ, 2.5 லிட்டர் ஈஜே25 டர்போ இரண்டுக்கும் முறை ஒன்றே. மற்ற ஆண்டுகளின் ஈஜே டர்போ கார்களிலும் தத்துவம் மாறாது. குழாய்கள் ஓடும் இடமும் கொள்ளளவும்தான் மாறும்.

காற்று எங்கே தங்குகிறது

இது தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டாம். ஈஜே எஞ்சினில் நாலு சிலிண்டரும் படுத்த நிலையில், பக்கத்துக்கு இரண்டாக இருக்கின்றன. இரண்டு ஹெட்டும் காரின் இரு ஓரங்களில், தாழ்வாக. அவற்றிலிருந்து வரும் சூடான கூலன்ட், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் ஒரு குழாயில் சேர்ந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. டர்போவுக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. அங்கிருந்து அது, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெடர் டேங்க் என்ற சின்னத் தொட்டிக்கு ஏறுகிறது. மொத்த அமைப்பிலும் உயரமான இடம் அந்தத் தொட்டிதான். காற்று அங்கே வந்து சேர வேண்டும் என்பதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஹெடர் டேங்குக்கு வேலை இருக்கிறது. பம்ப் நின்றுவிடும், டர்போ மட்டும் தகித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் டர்போவில் உள்ள கூலன்ட் தானாக மேலேறித் தொட்டிக்குப் போக, குளிர்ந்தது அந்த இடத்துக்கு வரும். தொட்டியில் கூலன்ட்டுக்குப் பதில் காற்று இருந்தால் இந்த ஓட்டம் நின்று, டர்போ பேரிங்கில் ஆயில் கருகும்.

இன்னொரு விசேஷம் தெர்மோஸ்டாட், அதாவது சூடானால் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டர் வழியாக ஓடவிடும் வால்வு. பல கார்களில் அது எஞ்சினிலிருந்து சூடான நீர் வெளியேறும் பக்கம் இருக்கும். சுபாருவில் அது வாட்டர் பம்பின் அடியில், ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்த நீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கிறது. 76 முதல் 80 டிகிரிக்குள் திறக்க ஆரம்பித்து, 91 டிகிரியில் முழுதாகத் திறக்கும். அதற்குச் சூட்டைக் காட்டுவது ஹீட்டரிலிருந்து திரும்பி வரும் கூலன்ட். காருக்குள் சூடுகாற்று தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரில் காற்று அடைத்துக்கொண்டால் அந்தத் திரும்பு நீர் வராது. தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியாது, அது திறக்காது, எஞ்சின் மேலே கொதிக்கும்போது கீழ் ஹோஸ் சூடேறாமலேயே இருக்கும். ஏர் எடுக்கும்போது ஹீட்டரை ஏன் முழுச்சூட்டில் வைக்கச் சொல்கிறார்கள் என்பதற்கும், ரேடியேட்டர் வாயில் மட்டும் ஊற்றினால் எஞ்சின் ஏன் நிறைவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை ரேடியேட்டரின் கீழ்வழி அடைபட்ட வழி.

வாங்கி வைக்க வேண்டியவை

கொள்ளளவு சுமார் 7.7 லிட்டர். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள். கூலன்ட்டில் இரண்டு வகை: பழைய பச்சை, 2008 வாக்கில் வந்த நீல நிற சூப்பர் கூலன்ட். பச்சைக்கு 30 மாதம் அல்லது 48,000 கிலோமீட்டர். நீலத்துக்கு ஆலையில் ஊற்றியது 11 ஆண்டு அல்லது 2,20,000 கிலோமீட்டர். அதன்பின் ஊற்றுவது 6 ஆண்டு அல்லது 1,20,000 கிலோமீட்டர். ரேஸ் சர்க்யூட்டில் ஓடும் கார் என்றால் இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. இரண்டு வகையையும் கலக்காதீர்கள். நிறத்தை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது, ஒரே நிறத்தில் வேறுவேறு இரசாயனம் விற்கிறார்கள். ஜப்பானிய கார்களுக்கானது, பாஸ்பேட் உள்ளது, சிலிகேட் இல்லாதது என்று கேனில் இருக்க வேண்டும்.

தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் கூலன்ட்டில் உள்ள பாஸ்பேட்டும் சேர்ந்து ரேடியேட்டர் குழாய்களுக்குள் வெள்ளையாகப் படியும். சரிபாதி கலவை மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. டொரான்டோவில் ஓட்டுபவருக்கு அது உயிர்நாடி. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் எதுவும் உறையப்போவதில்லை என்று வெறும் தண்ணீர் ஊற்றுவதும் தப்பு. துருத்தடுப்பும் பம்ப் சீலுக்கு வேண்டிய வழவழப்பும் கூலன்ட்டில்தான் இருக்கின்றன, கொதிநிலையையும் அது ஏற்றுகிறது.

இவை தவிர: டிரெயின் பிளக்கின் ஓ-ரிங் ஒன்று, ஒரிஜினல் தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும், 10 லிட்டர் கொள்ளும் அகலப் பாத்திரம், லிட்டர் கோடு போட்ட வாளி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், 10 மில்லிமீட்டர் சாக்கெட், கிளாம்பைப் பிடிக்கும் குறடு, வாயில் இறுக்கமாக உட்காரும் பெரிய புனல், 20 ரூபாய்ப் பேனாவும் ஒட்டுத்தாளும். தெர்மோஸ்டாட்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வெளிச்சந்தையில் கிடைக்கும் பலவற்றில் வால்வு சிறியது. டர்போ எஞ்சினுக்கு வேண்டிய நீரோட்டம் அதில் வராது.

வடித்தல்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரை ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். முன்பக்கம் உயர்ந்திருப்பது பின்னால் ஏர் எடுக்கவும் உதவும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றுங்கள். டிரெயினுக்கு என்று அதில் ஒரு துளை இருந்தாலும், தட்டு இருக்கும்போது பாதிக் கூலன்ட் அதன்மேல் ஓடி எல்லாப் பக்கமும் சிந்தும்.

இரண்டு மூடிகள் இருக்கின்றன, ஹெடர் டேங்கில் ஒன்று, ரேடியேட்டரில் ஒன்று. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. ரேடியேட்டர் மூடி கூடுதல் அழுத்தத்தில்தான் திறக்கும். அப்போதுதான் விரியும் கூலன்ட்டும் காற்றும் ஹெடர் டேங்க் வழியாக, வழிவதைப் பிடித்துவைக்கும் ரிசர்வ் டேங்குக்குப் போகும். மாற்றிப் போட்டால் காற்று வெளியேறும் வழியே தலைகீழாகிவிடும். கழற்றும் முன்பே ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பாத்திரத்தை வைத்து, ரேடியேட்டரின் கீழ்மூலையிலுள்ள பிளாஸ்டிக் டிரெயின் பிளக்கைத் தளர்த்துங்கள். மூடிகளை இன்னும் தொடாதீர்கள். மெல்லிய நூலாக வடியும். கூடவே ரிசர்வ் டேங்கில் உள்ளதும் உறிஞ்சப்பட்டு இறங்கும். அது காலியானதும் ஹெடர் டேங்க் மூடியைத் திறந்தால் நூலாக வந்தது விரல்தடிப்பில் கொட்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடி. முதலில் வரும் அரை லிட்டரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக, நிறம் மங்காமல் இருந்தால் நல்ல செய்தி. செம்மண் கரைசல்போல் இருந்தால் துரு. பாலாடைபோல் மிதந்தால் ஆயில் கலந்திருக்கிறது; வேலையை அங்கேயே நிறுத்தி, ஹெட் கேஸ்கெட்டைச் சோதித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ரேடியேட்டர் வழியாக வடிவது மொத்தத்தில் ஒரு பங்குதான். எஞ்சினுக்குள் இருப்பதையும் எடுக்க, கீழ் ஹோஸைக் கழற்றி, தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு 10 மில்லிமீட்டர் போல்ட்டையும் எடுங்கள். கைமேல் வழியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஹோஸ் முனை ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுக்காதீர்கள். முதலில் முறுக்கி, ஒட்டை விடுவித்துப் பிறகு இழுங்கள். ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். பத்துப் பதினைந்து வருடச் சூட்டில் வெளிறிப் பழுப்பாகிவிட்ட கழுத்து ஒரு இழுப்பில் ஒடிந்துவிடும்.

புதிய தெர்மோஸ்டாட்டில் ஒரு சின்ன ஆடும் ஊசி இருக்கும். காற்று தப்பிப்பதற்கான வழி அது, மேற்புறமாக இருக்கும்படி வைத்து மூடுங்கள். போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குபவை, மணிக்கட்டு பலத்துக்குமேல் வேண்டாம். கீழ் ஹோஸைத் திரும்ப மாட்டி, கிளாம்பைப் பழைய தழும்பிலேயே உட்கார வையுங்கள். டிரெயின் பிளக்கைப் புதிய ஓ-ரிங்கோடு கையால் மட்டும் இறுக்குங்கள்.

வடிந்ததை வாளியில் ஊற்றி அளந்து எழுதி வையுங்கள். பின்னால் இந்த ஓர் எண்தான் உங்களுக்குச் சாட்சி.

கழுவ வேண்டுமா?

வடிந்தது தெளிவாக இருந்து, அதே வகையையே ஊற்றுவதானால் வேண்டாம். வகை மாற்றினாலோ கலங்கலாக இருந்தாலோ மட்டும் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டர் போட்டு எஞ்சினைச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு வடியுங்கள்; தெளியும்வரை இரண்டு மூன்று முறை. பழைய ரேடியேட்டரில் கெமிக்கல் ஃப்ளஷ் ஊற்ற வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். ஒழுகாமல் அடைத்துக்கொண்டிருந்த படிவையும் அது கரைத்துவிடும்.

கழுவினால் ஒரு கணக்கு வரும், புதியவர்கள் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மொத்தம் 7.7 லிட்டர், கடைசியாக வடித்தபோது 5 லிட்டர் வந்தது என்று வையுங்கள். அப்படியானால் 2.7 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. அதன்மேல் சரிபாதி கலந்து விற்கும் கூலன்ட் 5 லிட்டர் ஊற்றினால் உள்ளே சேரும் அசல் 2.5 லிட்டர்தான், அதாவது சுமார் 32 சதவீதம். சரிபாதி வேண்டுமென்றால் முதலில் கான்சன்ட்ரேட் 3.85 லிட்டர், அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் 1.15 லிட்டர். கலவையின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிரப்புதல்

ரேடியேட்டரின் மேல்மூலையில் ஏர் எடுக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்க்ரூ இருக்கிறது. அதைப் பொருத்தமான ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் தளர்த்துங்கள். தலை மழுங்கினாலோ உடைந்தாலோ அன்று வேலை முடியாது. ரேடியேட்டர் மூடியும் திறந்தே இருக்கட்டும்.

ஹெடர் டேங்கில் புனலை வைத்து மெல்ல ஊற்றுங்கள். மெல்ல என்றால் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம். வேகமாக ஊற்றினால் வாய் சட்டென்று நிறைந்து, நிரம்பிவிட்டதுபோல் காட்டும். உள்ளே குழாய் பாதி காலியாக இருக்கும். நிறைந்ததும் புனலைக் கீழே வைத்துவிட்டு மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விடுங்கள். வாயில் முதலில் கோலிக்குண்டு அளவில் குமிழ்கள் 'பளக் பளக்' என்று வரும், மட்டம் ஒரு விரல் இறங்கும். ஊற்றுங்கள். மறுபடி அமுக்குங்கள். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு கடுகளவு குமிழ்கள், அப்புறம் அமுக்கினால் கூலன்ட் மட்டும் மேலே வந்து அதே மட்டத்துக்குத் திரும்பும். கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் இப்படியே அமுக்குங்கள். இந்தப் பதினைந்து நிமிடப் பொறுமை பின்னால் வரும் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

ரேடியேட்டர் வாய்வரை வந்ததும் அதன் மூடியைப் போடுங்கள். ஏர் ஸ்க்ரூவில் குமிழில்லாமல் கூலன்ட் கசிந்ததும் அதை மூடுங்கள். ஹெடர் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, ரிசர்வ் டேங்கை ஃபுல் கோடுவரை ஊற்றி, எல்லா மூடியையும் அதனதன் இடத்தில் போடுங்கள். இப்போது எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். 5 லிட்டர் வடிந்து 4 லிட்டர்தான் போயிருந்தால், ஒரு லிட்டர் காற்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், அடுத்த கட்டம் அதற்குத்தான்.

எஞ்சினை ஓட்டி ஏர் எடுத்தல்

சுபாருவின் சர்வீஸ் முறை இதற்கு மிக நன்றாக யோசித்து எழுதப்பட்டது, அப்படியே பின்பற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, 3,000 ஆர்பிஎம்முக்குள் ஐந்தாறு முறை ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டு, அணைத்துவிடுங்கள். மொத்தமும் 40 விநாடிக்குள். இந்த உலுக்கலில் காற்று இடம்பெயர்ந்து மேலே வரும். எஞ்சின் சூடாகும் அளவுக்கு நேரம் ஓடுவதில்லை. ஒரு நிமிடம் காத்திருந்து, துணி போட்டு ஹெடர் டேங்க் மூடியைத் திறந்து, குறைந்ததை ஊற்றுங்கள். மட்டம் இறங்காமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்து ஹீட்டரை முழுச்சூட்டில், ஃபேனை மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். ஏசி அணைந்திருக்கட்டும். மூடிகளைப் போட்டு எஞ்சினை 2,000 ஆர்பிஎம்முக்குள் ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்து நிற்கும்வரை பாருங்கள். அந்த நேரம் முழுக்க வண்டியை விட்டு நகரக் கூடாது. டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பவும் கூடாது; நடுவில் வந்து நின்றால் நிஜ வெப்பநிலை கொஞ்சம் ஏறி இறங்குவதையெல்லாம் அது காட்டாது. காரின் கணினியைப் படிக்கும் மலிவான ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி, அது காட்டும் வெப்பநிலையைப் பாருங்கள். 80க்கு மேல் கீழ் ஹோஸ் சூடாகத் தொடங்க வேண்டும், 95ஐ ஒட்டி ஃபேன் ஓடும். 100ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனாலோ, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தாலோ, ஹீட்டரில் குளிர்காற்று வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் 30 டிகிரிக்குக் கீழே ஆற வேண்டும். வெயில் ஊரில் இது மறுநாள் காலைதான். ஆறியபின் திறந்து, கழுத்துவரை ஊற்றி, ரிசர்வைச் சரிசெய்யுங்கள். மறுபடி ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து, 3,000க்குள் மிதித்துக்கொண்டே டாஷ்போர்டின் பின்பக்கம் காது கொடுங்கள். சலசலவென்று ஓடைத் தண்ணீர் சத்தம் கேட்டால் ஹீட்டர் கோரில் இன்னும் காற்று இருக்கிறது. முழுதாகத் திரும்பச் செய்யுங்கள். ஐடிலில், அதாவது மிதிக்காதபோது, குளிர்காற்றும் மிதித்தால் சூடுகாற்றும் வருவதும் அதே அடையாளம்.

அப்புறம் கவனிக்க வேண்டியவை

முதல் மூன்று நாள் தினமும் காலையில், வண்டி எடுக்கும் முன், ஹெடர் டேங்கைத் திறந்து பாருங்கள். சின்னதாக அரை டம்ளர் குறைவது சகஜம். நாலாவது நாளும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. டிரெயின் பிளக், தெர்மோஸ்டாட் மூடி, கழற்றிய ஹோஸ் முனைகள் என்று வரிசையாகப் பாருங்கள். மட்டம் குறைவது நிற்கும்வரை பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றி ஓட்ட வேண்டாம்.

ஒரு குறியை மட்டும் ஏர் லாக் (உள்ளே காற்று அடைத்திருப்பது) என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. சாதாரணமாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருந்து, அழுத்தி ஓட்டிய பிறகு ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழ் வந்து, மட்டம் ஏறி வழிந்தால், சிலிண்டருக்குள் எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று கொள்ள வேண்டும். டர்போ ஈஜேக்களில் கேஸ்கெட் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. நீலத் திரவம் மஞ்சளாக மாறும் வாயுச் சோதனையைக் கராஜில் செய்யச் சொல்லுங்கள். ஒழுகலை அடைக்கும் ஸ்டாப்-லீக் பவுடர் எதையும் ஊற்றாதீர்கள். டர்போவுக்கும் ஹீட்டருக்கும் போகும் மெல்லிய குழாய்களை முதலில் அடைப்பது அதுதான்.

சர்க்யூட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள விதியை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைகால் சிந்தினால் தார்ச்சாலையில் எண்ணெய்போல் வழுக்கும் என்பதால் பல இடங்களில் அதற்குத் தடை உண்டு. டிஸ்டில்டு வாட்டரும் துருத்தடுப்புச் சேர்மானமும் மட்டும் ஊற்றி ஓட்டுவார்கள். வெப்பத்தை ஏந்துவதில் தண்ணீரே சிறந்தது. ஆனால் அந்தக் கலவையோடு குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் வண்டியை நிறுத்திவைத்தால் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடிக்கும்.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர்விட்டுத் துடைத்து, பாத்திரத்தைத் திறந்து வைக்காமல் அன்றே மூடியுள்ள கேனில் ஊற்றுங்கள். கேன்மேல் பெரிய எழுத்தில் 'பழைய கூலன்ட், விஷம்' என்று எழுதி, கழிவு ஆயில் வாங்கும் கராஜிலோ நகராட்சியின் இரசாயனக் கழிவு மையத்திலோ சேர்த்துவிடுங்கள்.